பிளாஸ்டிக் கேமராவும் ஒரு ரோல் ஃபிலிமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் கழுத்துல தொங்கற பிளாஸ்டிக் கேமராவ பாக்கறவங்க முதல்ல இது வேலை செய்யுமான்னு கேப்பாங்க, அப்பறம் ஃபிலிம் இன்னும் கிடைக்குதான்னு கேப்பாங்க, எடுத்த போட்டோவ காமிச்சா நானும் எடுக்கலாமான்னு கேப்பாங்க. அந்த மூணாவது கேள்விக்கு அப்பறம் வர்ற கேள்விகளுக்கெல்லாம் இங்க பதில் எழுதி வெச்சிருக்கேன். 120ங்கற அகலமான ரோல் ஃபிலிம் போடற ஹோல்கா, டயானா, அதவிட குறுகலான 35 எம்எம் ஃபிலிம் போடற சின்ன பிளாஸ்டிக் கேமரா, ஒரே ரோலோட முடிஞ்சுபோற டிஸ்போசபிள், எல்லாத்துக்கும் பெரும்பாலும் இதே கதைதான், மாறுற இடத்துல தனியா சொல்றேன்.

இத டாய் கேமரான்னு சொல்றாங்களே, நிஜமா பொம்மையா?

இல்ல, உண்மையான ஃபிலிம் போட்டு உண்மையா எடுக்கற கேமராதான். பாடி பிளாஸ்டிக், லென்ஸும் பெரும்பாலும் பிளாஸ்டிக், ஷட்டருக்கு ஒரே வேகம், வெளிச்சத்த அளக்கற மீட்டர் கிடையாது, அதனாலதான் அந்த பேரு. டயானா 1960கள்ல ஹாங்காங்ல வந்தது. ஹோல்காவ 1980களோட ஆரம்பத்துல அதே ஹாங்காங்ல டி.எம். லீ டிசைன் பண்ணார், சீனாவுல அப்ப 120 கறுப்பு வெள்ளை ஃபிலிம்தான் சுலபமா கிடைச்சது, சாதாரண குடும்பம் வாங்கி வீட்டு விசேஷத்த எடுக்கற மாதிரி ஒரு கேமரா வேணும்னு பண்ணது. பேரே கான்டனீஸ்ல 'ரொம்ப வெளிச்சம்'னு அர்த்தம் வர்ற சொல்லுலேருந்து வந்தது. அப்பறம் 35 எம்எம் அங்க பரவிடுச்சு, ஹோல்கா எதிர்பார்த்த மாதிரி ஓடல, ஆனா வெளிநாட்டு போட்டோகிராபர்கள் அத கெட்டியா பிடிச்சுக்கிட்டாங்க. 2015ல தயாரிப்பு நின்னு போச்சு, 2017ல திரும்ப ஆரம்பிச்சாங்க.

மலிவு கேமராங்கற யோசனை அதவிட ரொம்ப பழசு. 1900ல கோடாக் ஒரு டாலருக்கு பிரவுனின்னு ஒரு அட்டைப்பெட்டி கேமரா வித்தாங்க. இன்னைக்கு ஹோல்கால போடற 120 ஃபிலிம் கூட 1901ல ஒரு பிரவுனிக்காக வந்ததுதான்.

சீரியஸா போட்டோ எடுக்கறவங்க இத யூஸ் பண்ணுவாங்களா?

பண்ணியிருக்காங்க. பத்திரிகை போட்டோகிராபர் டேவிட் பர்னெட் 2000 அமெரிக்க அதிபர் தேர்தல் சமயத்துல, அதுல போட்டியிட்ட ஆல் கோர ஹோல்கால எடுத்தார், அந்த படத்துக்கு விருதே கிடைச்சது. சுத்தி எல்லாரும் பெரிய பெரிய கேமரா வெச்சுட்டு நிக்கற கூட்டம் அது. நான்சி ரெக்ஸ்ராத் 1970கள்ல டயானால எடுத்த படங்கள பாத்தீங்கன்னா அந்த மங்கல் எவ்வளவு அழகா ஒரு ஞாபகம் மாதிரி வேலை செய்யுதுன்னு புரியும்.

போன்ல ஒரு ஃபில்டர் போட்டா இதே மாதிரி வந்துடாதா?

மூலை இருட்டும் கலர் மாற்றமும் வரும், அத நான் மறுக்கல. ஆனா ஃபில்டர் எல்லா படத்துக்கும் ஒரே மாதிரி போடும். இந்த கேமராவுல சூரியன் பக்கவாட்டுல இருந்தா ஒரு மாதிரி, எதிர்ல இருந்தா இன்னொரு மாதிரி, அத முன்கூட்டியே ஓரளவு கணிக்க முடியும், அந்த கணிப்பு பலிக்கறப்ப கிடைக்கற சந்தோஷம் தனி. அதோட எடுக்கற விதமே மாறிடுது. 120 ரோல்ல 12 படம்தான், எடுத்தத பாக்க முடியாது, ஜூம் இல்ல, மாத்தறதுக்கு கிட்டத்தட்ட எதுவுமே இல்ல. மிச்சம் இருக்கறது எங்க நிக்கறது, எப்ப அமுக்கறதுங்கற ரெண்டு மட்டும்தான். எனக்கு வெளிச்சத்த பாக்க சொல்லிக்குடுத்தது இந்த கேமராதான், அதுக்கு முன்னாடி வெச்சிருந்த நல்ல கேமரா இல்ல.

ஏன் நடுவுல மட்டும் ஷார்ப்பா இருக்கு, ஓரம் மங்குது, மூலை இருட்டா இருக்கு?

நல்ல லென்ஸ்ல நாலஞ்சு கண்ணாடிய அடுக்கி ஒண்ணோட குறைய இன்னொண்ணு சரி பண்ணும். ஹோல்கால இருக்கறது ஒரே ஒரு வளைஞ்ச பிளாஸ்டிக் துண்டு, 60 எம்எம். அது உண்டாக்கற பிம்பம் தட்டையா விழாது, கிண்ணம் மாதிரி வளைஞ்சு விழும், ஃபிலிம் மட்டும் தட்டையா இருக்கும். அதனால நடுவுல ஃபோகஸ் பிடிச்சா ஓரத்துல விட்டுப்போகும். சிவப்பும் நீலமும் ஒரே இடத்துல குவியாததால ஓரத்துல கலர் கோடு மாதிரி தெரியும். மூலைக்கு வெளிச்சம் போதுமான அளவு போய் சேராது, அதான் இருட்டு. இத தெரிஞ்சு வெச்சுக்கிட்டா முக்கியமான முகத்த ஓரத்துல வெக்க மாட்டீங்க, இல்லன்னா மங்கணும்னு நெனச்சே வெப்பீங்க.

எந்த ஃபிலிம் போடறது?

முதல் ரோலுக்கு ஐஎஸ்ஓ 400 கலர் நெகட்டிவ், இல்லன்னா ஐஎஸ்ஓ 400 கறுப்பு வெள்ளை. ஐஎஸ்ஓங்கறது ஃபிலிமோட வேகம், எண் கூடினா குறைஞ்ச வெளிச்சமே போதும். ஏன்னு சொல்றேன், ஏன்னா இத புரிஞ்சுக்கிட்டா பாதி பிரச்சனை முடிஞ்சுது. நல்ல வெயில்ல லென்ஸ் துவாரத்த எஃப் 16ல வெச்சா (எஃப் எண் குறைஞ்சா துவாரம் பெருசு) ஷட்டர் வேகம் ஐஎஸ்ஓ எண்ணோட பங்குன்னு ஒரு பழைய கணக்கு உண்டு, அதாவது ஐஎஸ்ஓ 100க்கு 1/100 செகண்ட், 400க்கு 1/400. உங்க கேமராவுல எஃப் 8 கிட்டன்னு போட்டிருக்கும், ஷட்டர் ஏறக்குறைய 1/100. அப்ப வெயில்ல ஐஎஸ்ஓ 100க்கே ரெண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் கூடினா வெளிச்சம் ரெண்டு மடங்கு) அதிகமா போகுது, 400க்கு நாலு ஸ்டாப். ஆனா இந்த லென்ஸோட நிஜ துவாரம் போட்டிருக்கற எண்ண விட சின்னதாதான் பெரும்பாலும் இருக்கு, அதனால நடைமுறையில அவ்வளவு அதிகமா போகாது, மூணு ஸ்டாப் வரைக்கும் அதிகமா போனாலும் நெகட்டிவ் ஃபிலிம் தாங்கிடும். குறைஞ்சா மட்டும் தாங்காது, நிழல்ல இருந்த விவரம் ஃபிலிம்ல பதியவே இல்லன்னா யாராலயும் திரும்ப கொண்டு வர முடியாது.

நிழல்ல, திறந்த வானத்துக்கு கீழ ஆனா நேர் வெயில் இல்லாத இடத்துல, 400 கரெக்டா உக்காரும். மேகமா இருந்தா ஒண்ணு ரெண்டு ஸ்டாப் கூட, அதுவும் நல்லதுதான். நாள் முழுக்க சுளீர்னு வெயில், கடல், பனி இந்த மாதிரின்னா 100 போடுங்க. ஸ்லைடு ஃபிலிம் (நெகட்டிவா இல்லாம நேரா படமாவே வர்றது) மட்டும் ஆரம்பத்துல வேண்டாம், அரை ஸ்டாப் தப்பினாலே முகத்துல காட்டிடும், இந்த கேமராவுக்கு அரை ஸ்டாப்னா என்னன்னே தெரியாது.

ஹோல்கால வெயில், மேகம்னு படம் போட்ட ஒரு சுவிட்ச் இருக்கும். பழைய மாடல்கள்ல அது ரெண்டு பக்கமும் ஒரே துவாரம்தான், நகர்த்தினா எதுவும் மாறாது. பின்னாடி வந்ததுல சரி பண்ணிட்டாங்க.

120 வாங்கறதா 35 எம்எம் வாங்கறதா?

ஃபிலிமும் டெவலப்பிங்கும் சுலபமா கிடைக்கறது 35 எம்எம், 36 படம் வரும், தப்பு பண்ணி கத்துக்க இடம் இருக்கு. ஆனா அந்த பிளாஸ்டிக் லென்ஸோட முழு குணத்தையும் பாக்கணும்னா 120ல 6க்கு 6 சென்டிமீட்டர் சதுரம்தான், நெகட்டிவ் பெருசு, மூலை வரைக்கும் எல்லாம் தெரியும். என் மனசு 120 பக்கம்தான். உங்க ஊர்ல ஃபிலிம் டெவலப் பண்ற லேப் 120 எடுத்துக்குமான்னு கேமரா வாங்கறதுக்கு முன்னாடியே கேட்டுடுங்க.

ஹோல்கால ஃபிலிம் எப்படி லோட் பண்றது?

நிழல்ல பண்ணுங்க. ரெண்டு பக்க கிளிப்ப மேல தள்ளினா பின் மூடி முழுசா கையோட வந்துடும். காலி ஸ்பூல் (ஃபிலிம் சுத்தற உருளை) வலது பக்கம் இருக்கணும், அந்த பக்கம்தான் வைண்ட் பண்ற குமிழ் இருக்கும். புது ரோல் இடது பக்கம். பேப்பர் முனைய இழுத்து காலி ஸ்பூலோட துளையில சொருகி ரெண்டு சுத்து சுத்தி, பேப்பர் ரெண்டு ஓரமும் சமமா உக்காந்திருக்கான்னு பாத்துட்டு மூடுங்க. அப்பறம் பின்னாடி இருக்கற சிவப்பு ஜன்னல பாத்துக்கிட்டே மெதுவா சுத்தினா அம்பு, புள்ளியெல்லாம் போய் 1 வரும், அங்க நிறுத்தணும்.

அந்த ஜன்னல்ல 12, 16னு ரெண்டு நிலை இருக்கும். சதுரம் எடுக்கறப்ப 12ல இருக்கணும், 16ல விட்டுட்டா ஒரு படம் மேல இன்னொரு படம் ஏறிக்கும். நிறைய பேரோட முதல் ரோல் இங்கதான் போகுது.

இன்னொண்ணு, ஸ்பூல் லொடலொடன்னு சுத்தினா ஃபிலிம் இறுக்கமா சுத்தாது, தொப்பை போட்ட மாதிரி தளர்ந்து ஓரத்துல வெளிச்சம் ஏறிடும். ஃபிலிம் அட்டைப்பெட்டிய கொஞ்சம் கிழிச்சு மடிச்சு புது ரோலுக்கு அடியில சொருகிட்டா இறுக்கம் வந்துடும், நான் ஒவ்வொரு ரோலுக்கும் இத பண்றேன். 12 முடிஞ்சதும் கை லேசாகற வரைக்கும் சுத்திட்டே இருங்க, ரோல வெளிய எடுத்த உடனே இறுக்கி பிடிச்சு பேப்பர் முனையில இருக்கற ஒட்டற பட்டைய நனைச்சு ஒட்டிடுங்க.

35 எம்எம்ல ஃபிலிம் நிஜமா ஓடுதான்னு எப்படி தெரியும்?

லோட் பண்ணி மூடினதும் ரீவைண்ட் கைப்பிடிய தளர்வு போற வரைக்கும் மெதுவா சுத்தி இறுக்கிக்கங்க. அப்பறம் வைண்ட் பண்றப்ப அந்த கைப்பிடி தானா எதிர்ப்பக்கம் சுத்தணும். சுத்துதுன்னா ஃபிலிம் ஓடுது. கவுண்டர நம்பாதீங்க, உள்ள ஃபிலிம் இல்லாமலே ஓடற கவுண்டர்லாம் இருக்கு. ரோல் முடிஞ்சதும் அடியில இருக்கற பட்டன அமுக்கிட்டு முழுசா ரீவைண்ட் பண்ணிட்டுதான் திறக்கணும்.

லைட் லீக் வரணுமா வரக்கூடாதா?

லைட் லீக்னா கேமரா இடுக்கு வழியா உள்ள புகுந்து ஃபிலிம்ல பதியற வெளிச்சம். இதுல எனக்கு கொஞ்சம் பிடிவாதமான கருத்து உண்டு. லீக்குக்காகவே இந்த கேமரா வாங்கறவங்க இருக்காங்க, சிவப்பா ஒரு கீற்று வந்து விழறது அழகாதான் இருக்கும், ஆனா எந்த படத்துல எங்க விழும்னு உங்க கையில இல்லன்னா நல்ல முகத்து மேலயும் விழும். முதல் ரோல டேப் போடாம எடுத்து பாருங்க, எங்கேருந்து வருதுன்னு தெரியும். அப்பறம் மூடி ஓரம், சிவப்பு ஜன்னல சுத்தி, உள்பக்கம் லென்ஸ் மேல இருக்கற சின்ன ஓட்டை, இங்கெல்லாம் கறுப்பு துணி டேப் ஒட்டுங்க. இன்சுலேஷன் டேப்பும் ஓகே, வெயில்ல பசை உருகி கையில ஒட்டும் அவ்வளவுதான். கிளிப் கழண்டு மூடி விழுந்து ரோல் போறதும் ஹோல்கால சகஜம், கிளிப் மேலயும் ஒரு துண்டு டேப் போட்டா அந்த பயம் வேண்டாம். கேமரா பேகுக்குள்ளயே இருந்து எடுக்கறப்ப மட்டும் வெளிய வந்தா பாதி லீக் தானா போயிடும்.

ஃபோகஸ் எப்படி பண்றது? வ்யூஃபைண்டர்ல எல்லாம் ஒரே மாதிரிதான தெரியுது?

வ்யூஃபைண்டர் சும்மா ஒரு ஜன்னல், லென்ஸ் வழியா பாக்கறது இல்ல. ஹோல்கா லென்ஸ சுத்தி குட்டி படம் இருக்கும், ஒரு ஆள்னா ஏறக்குறைய 1 மீட்டர், சின்ன கூட்டம் 2 மீட்டர், பெரிய கூட்டம் 6 மீட்டர், மலைன்னா 10க்கு மேல. ஒரு பெரிய எட்டு ஒரு மீட்டர்னு வெச்சுக்கிட்டு காலால அளந்துடுங்க, ரெண்டு ரோல்ல கண்ணே பழகிடும். எட்டி நின்னு மலைக்குறியில வெச்சு எடுக்கறத விட 2 மீட்டர் கிட்ட போய் எடுத்த படம்தான் எனக்கு எப்பவும் நல்லா வந்திருக்கு. ரொம்ப கிட்ட போனா மட்டும் வ்யூஃபைண்டர் பாக்கறதும் லென்ஸ் பாக்கறதும் விலகும், தலை வெட்டுப்படும், அதனால ஆள கொஞ்சம் இடம் விட்டு ஃப்ரேம் பண்ணுங்க. டிஸ்போசபிள்லயும் பெரும்பாலான 35 எம்எம் பிளாஸ்டிக் கேமராவுலயும் ஃபோகஸே கிடையாது, 1 மீட்டருக்கு அந்தப்பக்கம் எல்லாம் ஓரளவு ஷார்ப்.

ரோல் முழுக்க ஒண்ணுமே வரல, என்ன ஆச்சு?

நெகட்டிவ கையில வாங்கி ஓரத்த பாருங்க. ஃபிலிம் பேரும் நம்பரும் ஓரத்துல ஃபேக்டரிலயே பதிச்சிருப்பாங்க, டெவலப் பண்ணாதான் தெரியும். எழுத்து நல்லா தெரிஞ்சு நடுவுல வெறுமையா இருந்தா டெவலப்பிங்ல தப்பில்ல, ஃபிலிம்மேல வெளிச்சமே படல: ஒண்ணு ஃபிலிம் ஓடல, இல்ல ஷட்டர் திறக்கல, இல்ல லென்ஸ் மூடிய எடுக்காம எடுத்திருக்கீங்க, வ்யூஃபைண்டர் தனியா இருக்கறதால மூடி இருக்கறதே தெரியாது. எழுத்தும் இல்லன்னா டெவலப்பிங்லதான் பிரச்சனை. நெகட்டிவ் பூரா கறுப்பா இருந்தா பின் மூடி திறந்து வெளிச்சம் பட்டிருக்கு. என்னோட ஒரு ரோல் வெறுமையா வந்தப்ப நான் லேப்ப சந்தேகப்பட்டேன், ஓரத்துல எழுத்து பளிச்னு இருந்தது, கேமராவ திறந்து பாத்தா ஷட்டர் ஸ்பிரிங் கழண்டு கிடந்தது.

எல்லா படமும் ஆடினா மாதிரி வந்தா ஹோல்கா அடியில இருக்கற என், பி சுவிட்ச பாருங்க, பேகுல உரசி பி-க்கு போயிருக்கும். என் சாதாரண நிலை, பி-ல அமுக்கி பிடிச்சிருக்கற வரைக்கும் ஷட்டர் திறந்தே இருக்கும்.

வீட்டுக்குள்ள, ராத்திரில எடுக்க முடியுமா?

ஃபிளாஷ் இல்லாம வீட்டுக்குள்ள கையில பிடிச்சு எடுக்க முடியாது. சாதாரண விளக்கு வெளிச்சம் 400 ஃபிலிமுக்கே நாலஞ்சு ஸ்டாப் பத்தாது. ஜன்னல் பக்கத்துல ஆள உக்கார வெச்சாலும் பகல்ல வானம் நேரா தெரியற ஜன்னலா இருந்தாதான் ஏதோ தேறும். ஃபிளாஷ் இருந்தா ஆள் ரெண்டு மூணு மீட்டருக்குள்ள இருக்கணும், மேடை, வாணவேடிக்கை இதுக்கெல்லாம் ஃபிளாஷ் போடறது வீண்.

ராத்திரி தெருவுக்கு பி நிலையும் ட்ரைபாடும். லிவர அமுக்கறப்பவே கேமரா ஆடும், அதனால ஒரு கறுப்பு அட்டையால லென்ஸ மறைச்சுட்டு அமுக்கி பிடிங்க, ஆட்டம் நின்னதும் அட்டைய எடுங்க, எண்ணுங்க, திரும்ப மறைச்சுட்டு விடுங்க. தெருவிளக்கு நல்லா இருக்கற இடத்துல 400 ஃபிலிமுக்கு 1, 2, 4 செகண்ட்னு மூணு படம் எடுத்தா ஒண்ணு கண்டிப்பா நிக்கும்.

டிஸ்போசபிள பிரிச்சு திரும்ப ஃபிலிம் போடலாமா?

ஃபிளாஷ் இருக்கற டிஸ்போசபிள பிரிக்காதீங்க. உள்ள இருக்கற கெப்பாசிட்டர் 300 வோல்ட் வரைக்கும் சார்ஜ் ஆகும், பேட்டரிய எடுத்தும் அது ரொம்ப நேரம் தங்கும், தொட்டா பலமா அடிக்கும். திரும்ப ஃபிலிம் போட்டுக்கணும்னா அதுக்குன்னே செஞ்ச பிளாஸ்டிக் கேமரா வாங்குங்க. இதுல தெரிஞ்சுக்க வேண்டிய ஒரு நல்ல விஷயம், பெரும்பாலான டிஸ்போசபிள்ல ஃபிலிம முன்னாடியே வெளிய இழுத்து வெச்சிருப்பாங்க, ஒவ்வொரு படம் எடுக்கறப்பவும் அது கேசட்டுக்குள்ள போகும், அதனால நடுவுல உடைஞ்சாலும் எடுத்த படம் பத்திரமா இருக்கும்.

டபுள் எக்ஸ்போஷர் எப்படி வேணும்னே எடுக்கறது?

ஹோல்கால வைண்ட் பண்ணாம எத்தன தடவ வேணா அமுக்கலாம், எதுவும் தடுக்காது. முதல் படத்துல இருட்டா இருக்கற இடத்துலதான் ரெண்டாவது படம் தெரியும், வெளிச்சமா இருக்கற இடம் ஏற்கனவே நிறைஞ்சு போயிருக்கும், அங்க ஒண்ணும் ஏறாது. அதனால வானத்துக்கு எதிர்ல ஒருத்தர நிழலுருவமா எடுத்துட்டு அதே ஃப்ரேம்ல இலை கொத்த எடுத்தீங்கன்னா அவர் தலைக்குள்ள இலை முளைச்ச மாதிரி வரும். தெரியாம வர்றத தவிர்க்க ஒரே பழக்கம்: எடுத்த உடனே வைண்ட் பண்ணிடுங்க. எடுக்கறதுக்கு முன்னாடி பண்ணலாம்னு நெனச்சா பண்ணோமா இல்லையான்னு குழப்பம் வரும்.

காலாவதியான ஃபிலிம் போடலாமா?

போடலாம், ஆனா பத்து வருஷத்துக்கு ஒரு ஸ்டாப் வெளிச்சம் கூட குடுன்னு சொல்ற கணக்க இந்த கேமராவுல செய்ய முடியாது. ஒரே வழி அத நல்ல வெயிலுக்குன்னு ஒதுக்கறது. திரும்ப கிடைக்காத நிகழ்ச்சிக்கு புது ஃபிலிம் போடுங்க.

ஏர்போர்ட் எக்ஸ்ரேல ஃபிலிம் போயிடுமா?

செக்-இன் பெட்டியில ஒருபோதும் போடாதீங்க, அங்க வெக்கற மெஷின் பலமானது. கையில எடுத்துட்டு போங்க, இப்ப நிறைய இடத்துல கைப்பைக்கும் சிடி (CT) ஸ்கேனர் வந்துடுச்சு, அது ஐஎஸ்ஓ எவ்வளவா இருந்தாலும் ஃபிலிம பாழாக்கும், கையால செக் பண்ண சொல்லி தன்மையா கேளுங்க. ஃபிலிம பெட்டியிலேருந்து எடுத்து ஒரு கண்ணாடி மாதிரி தெரியற கவர்ல போட்டுக்கிட்டா வேலை சீக்கிரம் முடியும். கேமராவுல பாதி ரோல் இருந்தா அதையும் சேத்து குடுங்க.

லேப்ல என்ன சொல்லணும்?

மூணு விஷயம் சொல்லுவேன். ஃபிலிம வெட்டாம குடுங்க, இந்த கேமராவுல ஃப்ரேமுக்கு நடுவுல இடைவெளி சீரா இருக்காது, மெஷின் நல்ல படத்த நடுவுல வெட்டிடும். ஸ்கேன் பண்றப்ப கலர தானா சரி பண்ண விடாதீங்க, மூலை இருட்ட வெளுத்து விட்டுடுவாங்க. அப்பறம் ஒரு ஃப்ரேம் மேல இன்னொண்ணு இருந்தா அது வேணும்னே எடுத்தது, விட்டுடாம ஸ்கேன் பண்ணுங்க.

கலர் நெகட்டிவ டெவலப் பண்ற முறைக்கு பேரு சி-41, அது 1972லேருந்து வர்றது, கலர் ஃபிலிம் எடுத்துக்கற லேப்ல பண்ணுவாங்க. கறுப்பு வெள்ளைக்கு தனி கெமிக்கல், கேட்டுட்டு குடுங்க. சினிமா ஃபிலிம சின்ன கேசட்ல சுத்தி விக்கறாங்களே, அதுல சிலதோட முதுகுல கரி மாதிரி ஒரு பூச்சு இருக்கும், அத சொல்லாம சாதாரண சி-41 மெஷின்ல போட்டா பூச்சு கழண்டு மெஷினையும் அடுத்தவங்க ஃபிலிமையும் சேத்து கெடுக்கும். வாங்கறப்பவே அந்த பூச்சு எடுத்ததா இல்லையான்னு பாத்துக்கங்க.

எடுத்த ஃபிலிம எவ்வளவு நாள் வெச்சிருக்கலாம்? நெகட்டிவ என்ன பண்றது?

எடுத்த ரோல சீக்கிரம் டெவலப் பண்றது நல்லது, சில மாசம் ஆனா பெரிய நஷ்டம் இல்ல, ஆனா வெயில்ல நிக்கற கார்ல கேமராவ விட்டுட்டு போகாதீங்க. எடுக்காத ரோல் ஃப்ரிட்ஜ்ல இருக்கலாம், வெளிய எடுத்து ரெண்டு மூணு மணி நேரம் கழிச்சு, பெட்டியோட குளிர்ச்சி முழுசா போனதும்தான் பிரிக்கணும், இல்லன்னா ஃபிலிம் மேல ஈரம் கோத்துக்கும்.

ஸ்கேன் வந்துடுச்சுன்னு நெகட்டிவ லேப்லயே விட்டுடறவங்க நிறைய பேர், போய் வாங்கிட்டு வந்துடுங்க. நெகட்டிவுக்குன்னு வர்ற உறையில போட்டு, உறை மேல தேதியும் எந்த கேமரான்னும் எந்த ஃபிலிம்னும் வெயிலா மேகமான்னும் ஒரு வரி எழுதி ஃபைல்ல வெச்சுடுங்க. அடுத்த ரோல் எந்த ஐஎஸ்ஓ வாங்கறதுன்னு யோசிக்கறப்ப நான் முதல்ல புரட்டறது அந்த ஃபைலதான்.